முதுகுக்குப் பின்னால் சாலை

கடைக்காரர் மறுபடியும் அந்த ஒரு சாண் பம்பையே நீட்டினார். "கைப்பையில போட்டா தெரியவே தெரியாதும்மா. இப்ப இதுதான் ஓடுது."

அவள் அதைத் தன் சைக்கிளின் வால்வில் பொருத்தினாள். குந்தி உட்கார்ந்தால்தான் அடிக்க முடிந்தது. அடித்தாள், கண் மட்டும் தோளுக்கு மேலாகக் கடை வாசலிலேயே இருந்தது.

"அண்ணி, டயர் இந்தப் பக்கம் இருக்கு," என்று நாத்தனார் சிரித்தாள். "எங்கண்ணனை ஒரே பார்வையில சரின்னு சொன்னவ, ஒரு பம்புக்கு இப்படி யோசிக்கிறியே!"

அவள் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

போன வாரம் மாலை ஷிப்ட் முடிந்து சலவை ஆலையிலிருந்து திரும்பும்போது, கல்குவாரிச் சாலையில் பின் டயர் இறங்கிவிட்டது. சற்றுத் தள்ளி ஒரு வேன் நின்றது. யாரும் இறங்கவில்லை. எஞ்சினும் அணையவில்லை. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க, அவள் நடை வேகத்துக்கே அதுவும் பின்னால் ஊர்ந்து வந்தது. முதல் வீடு தெரிந்த பிறகுதான் திரும்பிப் போனது. வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் புருஷன் வேலையை விடச் சொல்லிவிடுவான். வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

"நின்னுக்கிட்டே அடிக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். "சாலையைப் பாத்துக்கிட்டே அடிக்கணும்."

கடைக்காரர் உள்ளே தேடப் போனார்.

நாத்தனாரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளும் அதே ஆலைதான், காலை ஷிப்ட், அதே சாலைதான். சைக்கிள் பெல்லை விரலால் தடவினாள்.

"பச்சை வேனா அண்ணி?"

"உன் பின்னாலயுமா?"

"ரெண்டு தடவை. அம்மாகிட்ட சொன்னா சைக்கிளையே பிடுங்கிருவாங்க."

ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

கடைக்காரர் மிதியும் குழாயும் வைத்த பம்போடு வந்தார். "கால்ல மிதிச்சுக்கிட்டு நிமிர்ந்தே அடிக்கலாம். கனம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

"வேண்டாங்க. சின்னதே குடுங்க." நாத்தனாரிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "சூப்பர்வைசர்கிட்ட கேட்டு நானும் காலை ஷிப்டுக்கு வந்துடறேன். நீ காத்து அடி, நான் சாலையைப் பாத்துக்கறேன்."

"வீட்டுல?"

"இன்னைக்கே சொல்லிடுவோம். ரெண்டு பேரும் சேர்ந்து."

வெளியே வந்தார்கள். தெருவில் ஏதோ ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தது. இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.