பாதியில் நின்ற அம்பா

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இழுத்த மூச்சை, முல்லைத்தீவுக் கரைவலைக்காரன் மரியநேசன் ஆவணி வரை வெளியே விடவில்லை. நடந்தது இதுதான். வலை இழுக்கும்போது அம்பா என்கிற இழுவைப் பாட்டைச் சொல்லும் யூட்சன் ஓரடி பாடுவான். கயிற்றில் நிற்பவர்கள் மூச்சை உள்ளே இழுப்பார்கள். மறு அடிக்கு மூச்சை விட்டு வலையை இழுப்பார்கள். அன்று முதலடி முடிய அவனுடைய போன் அடித்தது. பிரான்ஸ் விசா! சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடியவன் பிறகு கரைக்கு வரவேயில்லை. மற்றவர்கள் திட்டிக்கொண்டு மூச்சை விட்டார்கள். மரியநேசன் மட்டும் மறு அடிக்காகக் காத்து நின்றான். அவன் அப்படிப்பட்ட மனுசன், என்ன செய்வது?

சேட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. வயிறு மத்தளம்போல் இறுகியது. மூச்சு வெளியே வராததால் பேச்சும் வரவில்லை. சாப்பாடு, கடற்கரை, பூசை எல்லாம் வழமைபோல் நடந்தன. அவன் மனைவி புனிதமலருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஓடிவந்து அவன் விலாவில் கைவைத்துப் பார்ப்பாள், சோறு குழைந்துபோகும். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். கடைசியில் வவுனியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில இருக்கிற பிரிமென்றகடு கீழ இறங்கினது ஏறேல்லை அம்மா. விலாவெலும்பு இடைச் சதையளும் களைச்சுப்போச்சு. இந்தக் கிழமை தாண்டாது" என்றார்.

அழுதழுது பாரிசுக்குப் போன் போட்டாள். "அக்கா, ரெஸ்ரோரன்ட் குசினியில நிக்கிறன், கத்தேலாது" என்ற யூட்சன் மறு அடியை முணுமுணுத்தான். முணுமுணுப்புக்கு எந்தச் சதை இளகும்?

மறுநாள் விடியக் கணவனைக் கயிற்றில் வழமைபோல் மூன்றாவது ஆளாக நிறுத்திவிட்டு, யூட்சன் நின்ற இடத்தில் போய் நின்றாள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பதறிப்போனார்.

"பொம்பிளையள் அம்பா சொன்னா மீன் அண்டாது, பிள்ளை."

"மீன் போனா நாளைக்கு வரும். இந்த மனுசன் போனா வருமே?"

அடிவயிற்றிலிருந்து எடுத்து மறு அடியைப் பாடினாள். மரியநேசன் கயிற்றை இழுத்து மூச்சை விட்டான். அது மூன்று நாள் அடித்தது. நெடுங்கேணிச் சந்தையில் குடைகள் பறந்தன; பரந்தனில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு மீன் வெடுக்கு அடித்தது. நாலாம் நாள் அவன் வாய் திறந்து, "பசிக்குது" என்றான். புனிதமலர் அவன் முதுகில் ஒன்று போட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. மீன் வழமைபோல் படுகிறது. அம்பா சொல்வது இப்போது புனிதமலர்தான். கரைக்குப் போன் கொண்டுபோக மாட்டாள். மறு அடி முடிந்ததும் வரிசையில் மூன்றாவதாக நிற்பவனின் நெஞ்சு இறங்கியதா என்று பார்ப்பாள். அதுவரை வலை காத்திருக்கும்.