சந்துப் பக்கத்து மூடி

பேருந்தில் ஏறும்போதே ஓட்டுநர் அந்தப் பொடியனின் இடுப்பை முறைத்துப் பார்த்தார். இடுப்பில் காற்று நிரப்பிய மஞ்சள் வாத்து ஒன்று வளையமாக மாட்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு மாட்டியதை இந்த நிமிஷம் வரை அவன் கழற்றவில்லை. இருக்கையில் சாயவும் முடியாமல், நிமிரவும் முடியாமல் வாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கழட்டி மடியில வெச்சுக்கோடா" என்று அவன் அக்கா நாலு தடவை சொல்லிவிட்டாள். "தண்ணி வந்ததும் கழட்டுறேன்" என்பதுதான் நாலு தடவையும் அவன் பதில். தண்ணீர்தான் இன்னும் வந்தபாடில்லை. மணி பதினொன்றரை. வெயில் பேருந்தின் தகரத்தை அடுப்பில் வைத்த தோசைக்கல்லாக ஆக்கியிருந்தது.

இத்தனைக்கும் காரணம், இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவளின் மகளுடைய வாய். எட்டு வயதுக்கு அந்த வாய் ரொம்பவே நீளம். பள்ளியில் அவரவர் வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லச் சொன்னபோது, இவள் எழுந்து, "எங்கம்மா தண்ணி மீட்டர் படிக்கிறாங்க" என்றிருக்கிறாள். மாடி வீட்டுக் கண்ணாடிக்காரி, இந்த வாத்துப் பொடியனின் அக்கா, இவளைவிட ஒரு வயது பெரியவள், இடைவேளையில் அதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறாள். "அது ஒண்ணுமில்ல, தெருத்தெருவா போய் குழிக்குள்ள எட்டிப் பாக்குற வேலை." அதிலிருந்து மகளுக்குக் 'குழி' என்றே பட்டப்பெயர் ஆகிவிட்டது. ரோஷக்காரி சும்மா இருப்பாளா? "எங்கம்மாவுக்கு இந்த ஊர்ல தண்ணி எங்கெங்க ஓடுதுன்னு ஒவ்வொரு சொட்டும் தெரியும். சனிக்கிழமை உன்னையும் உன் தம்பியையும் ஸ்பிளாஷ் பேடுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, பாரு!" என்று சவால் விட்டுவிட்டு வந்து நின்றாள். தரையிலிருந்தே தண்ணீர் பீச்சியடித்து, பிள்ளைகள் அதில் ஓடி நனையும் இடம் அது. அம்மாவுக்கு அதில் ஒன்றைக்கூட நேரில் பார்த்த நினைவில்லை. ஆனால் மகள் கொடுத்த வாக்கு. போகாவிட்டால் இந்தக் கோடை முழுக்க அவள் குழிதான்.

பத்தொன்பது வருஷமாக இந்த ஊரின் தண்ணீரைப் படிப்பவள் ஊரிடம் வழி கேட்பாளா? கைபேசியில் தேடினால் பட்டியல் வரும் என்று கணவன் சொன்னதைக் காதில் வாங்காமல், தன் கணக்கையே நம்பினாள். அவள் பார்க்கும் மீட்டர்களில் பூங்காக்களும் உண்டு. அதில் மேற்குப் பக்கத்துப் பூங்காவின் மீட்டர் கோடையில் பேய் பிடித்ததுபோல் ஓடும். அவ்வளவு தண்ணீர் குடிக்கிற இடத்தில் பிள்ளைகள் விளையாடாமல் வேறு என்ன நடக்கும் என்று முடிவு கட்டி, இரண்டு பேருந்து மாறி முதலில் அங்கேதான் போனார்கள். போனால், வேலிக்கு அந்தப் பக்கம் பட்டுப்போன்ற புல்வெளி. பத்து தெளிப்பான்கள் தலையை ஆட்டி ஆட்டி அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தன. வேலியில் ஒரு பலகை: புல்லை மிதிக்காதீர்.

"புல்லு குளிக்குது" என்றான் வாத்து.

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தாள். மீட்டர் படிப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு செய்யத் தோன்றியிருக்காது என்று அம்மாவுக்கே உறைத்தது. எவ்வளவு ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். யாருக்காக ஓடுகிறது என்பதை எந்த மீட்டரும் சொன்னதில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கைபேசியை எடுத்துத் தேடினாள். பட்டியல் வந்தது. அருகிலிருந்த ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் இருந்தது, அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று காவலாளி கையை விரித்தார். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதை நோக்கித்தான் இந்தப் பேருந்து.

இறங்கி நடந்தபோதே மகளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். எதிரே குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தோளில் துண்டு, கையில் பை, ஆனால் ஒரு பிள்ளையின் தலையும் நனைந்திருக்கவில்லை. உள்ளே போனால் நீலமும் மஞ்சளுமாக வண்ணம் பூசிய வட்டத் தளம். நடுவில் வளைந்த குழாய்கள், தரையில் துளைகள், ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் ஐந்து நிமிஷம் தண்ணீர் பாயும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தது. மகள் ஓடிப்போய் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். இரண்டு கையாலும், ஏறி நின்றும் அழுத்தினாள். தளம் வறண்டு வெயிலில் மின்னியது. ஒரு துளையிலிருந்து எறும்பு ஒன்று ஏறி வந்து, இவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போனது.

"ஒவ்வொரு சொட்டும் தெரியும்னு சொன்னே" என்றாள் கண்ணாடிக்காரி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மகளின் உதடு துடிக்க ஆரம்பித்தது. அழுகையைக் காட்டக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்ததைப் பார்த்ததும் அம்மா காரணம் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். அப்போதுதான் கம்பத்தில் கட்டியிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. கசிவு காரணமாக நீர் நிறுத்தப்பட்டுள்ளது. அதன்கீழ், தண்ணீர்த் துறைக்காரர்களுக்கு மட்டும் புரியும்படி சின்ன எழுத்தில், மீட்டர் எண் 4417.

அவள் இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு அவளுடைய எண். சந்துப் பக்கத்து மூடி. பின்தெருவில், உயரமான சுவரோரம், பழைய கிடங்குக்கு எதிரில் இருக்கும் குழி. மூன்று வாரத்துக்கு முன்பு காலை ஆறரைக்கு அதைத் திறந்து விளக்கடித்தபோது, யாரும் தண்ணீர் பிடிக்காத அந்த நேரத்தில் உள்ளே சின்னச் சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் திறக்காமலே சக்கரம் சுற்றினால் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம். 'கசிவு. வால்வை மூடவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மூடிக்குப் போய்விட்டாள். பத்தொன்பது வருஷமாக ஊரை முதுகுப்பக்கமாகவே பார்த்தவளுக்கு, சுவருக்கு முன்பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. கிடங்குக் குழாய் என்றே நினைத்திருந்தாள்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. குழாயைச் சரிசெய்து பத்து நாளாகிறது. ஆனால் கசிவு என்று யார் எழுதினாரோ அவரே வந்து, வால்வைத் திறந்ததும் சக்கரம் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி தண்ணீர் விடலாம். அதற்கான சீட்டு அவளிடம்தான் இருந்தது. இப்போது தோளில் தொங்கும் இதே பையில், நான்காக மடித்து, பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில். கிடங்குக்கு என்ன அவசரம் என்று திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தாள். பத்து நாளாக இந்த ஊர்ப் பிள்ளைகள் துண்டும் தோளுமாக வந்து திரும்பியதெல்லாம் அவள் பையில் தூங்கிய ஒரு சீட்டினால்.

வாயை மூடிக்கொண்டு பேருந்து ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"யாரும்மா மூடினாங்க?" என்றாள் மகள்.

"நான்தான்."

மூன்று பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். வாத்தும் பார்த்தது.

"தெரியாம மூடிட்டேன். தெரிஞ்சே தொறக்கப்போறேன், வாங்க" என்று சொல்லிக்கொண்டே வால்வுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, லீவு நாள்ல என்ன?" என்றார் அவர், வாயில் சோற்றோடு.

"அண்ணே, நாலு நாலு ஒண்ணு ஏழு. சாவியை எடுத்துக்கிட்டு உடனே வரணும்."

"பத்து நாளா உன் கையெழுத்துக்குத் தவம் கெடக்குறேன். இன்னிக்குதான் உனக்கு ஞானம் வந்துச்சா?"

"வந்துருச்சுண்ணே. மூணு பிள்ளைங்க வெயில்ல நிக்கிறாங்க. திட்டுறத வந்து திட்டுங்க."

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். ஆள் உயர இரும்புச் சாவியை ஸ்கூட்டரில் குறுக்கே கட்டிக்கொண்டு, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வந்திருந்தார். சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் தாண்டினால் சந்து, கதவுக்கு மூன்றடி தள்ளி அந்த மூடி. அவர் கொண்டுவந்த இரும்புக் கொக்கியை மாட்டி அவள் ஒரே இழுப்பில் தூக்கினாள். பத்தொன்பது வருஷத்து இழுப்பு. கண்ணாடிக்காரியின் வாய் சற்றே திறந்தது.

"எல்லாரும் குப்புறப் படுங்க. அந்தக் கண்ணாடிக்குக் கீழ செவப்பா ஒரு சக்கரம் தெரியுதா? இப்ப வால்வைத் தொறப்போம். பத்து நிமிஷம் அது ஆடாம அசையாம நிக்கணும். நின்னா தண்ணி. சுத்துனா வீட்டுக்கு."

சுவர் நிழலில் பிள்ளைகள் குழியைச் சுற்றிப் படுத்தார்கள். வாத்து தடுத்ததால் பொடியனால் மட்டும் படுக்க முடியவில்லை. மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். வால்வுக்காரர் சாவியை இறக்கித் திருகினார். சக்கரம் சட்டென்று சுற்ற ஆரம்பித்தது.

"போச்சு" என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொறுடி. வெறும் குழாய் ரொம்புது."

சுற்றியது, மெதுவானது, ஒரு பல் அசைந்து, இன்னொரு பல் யோசித்து, நின்றது. கண்ணாடிக்காரி தன் கைக்கடிகாரத்தைக் குழிக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். யாரும் கேட்காமலே நேரம் பார்க்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒரு குடும்பம் என்னவோ நடக்கிறது என்று கதவு வழியாக வந்து எட்டிப் பார்த்தது. அவர்கள் பிள்ளைகள் இரண்டும் கேட்காமலே குப்புறப் படுத்தன. குழியைச் சுற்றி ஐந்து தலை. அதைப் பார்த்தபோது, பட்டப்பெயர் வைத்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் அம்மாவுக்கு இருந்தது. ஏழு நிமிஷம். இவ்வளவு அசையாமல் மகள் தூக்கத்தில்கூட இருந்ததில்லை.

"ஒம்பது" என்று கிசுகிசுத்தாள் கண்ணாடிக்காரி. "ஒம்பதரை. ஆன்ட்டி... பத்து!"

அம்மா சீட்டைப் பிரித்து முழங்காலில் வைத்தாள். பேனாவைத் திறந்து, எழுத்தின் முதல் சுழியைப் போட்டாள்.

"அம்மா, சுத்துது!"

சக்கரம் சுற்றியது. லேசாக இல்லை, வெறி பிடித்ததுபோல் சுற்றியது. சிவப்பே தெரியவில்லை. வால்வுக்காரர் தலையில் கை வைத்தார். குழாய் வெடித்துவிட்டது, மறுபடி தோண்ட வேண்டும், மறுபடி மூன்று வாரம், மகள் கோடை முழுக்கக் குழி. எல்லாம் ஒரே நொடியில் அம்மாவின் மனதில் ஓடி முடிந்தது.

கண்ணாடிக்காரி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். "என் தம்பி எங்க?"

பதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. உயிர் போகிற மாதிரி ஓர் அலறல், அதற்குள்ளேயே சிரிப்பு. தொடர்ந்து ஊஸ் என்று ஒரு பெரும் இரைச்சல். பத்து என்று காதில் விழுந்த நொடியில் பொடியன் மூன்றடி தாண்டிக் கதவுக்குள் நுழைந்து, தன் முழு எடையையும் வாத்தின் எடையையும் சேர்த்துப் பச்சைப் பொத்தானின் மேல் போட்டிருக்கிறான்.

"தண்ணிம்மா! கசிவில்ல, தண்ணி!" மகள் எழுந்து ஓடினாள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றி அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். சுவருக்கு அப்பால் மகளின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை, ஊருக்கே சொன்னாள். "எங்கம்மாதான் மூடினாங்க! எங்கம்மாதான் தொறந்தாங்க!"

"முதல் பாதியை விட்டிருக்கலாம்" என்றார் வால்வுக்காரர்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கர்வம் என்றால் கர்வம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது. மிச்சக் கையெழுத்தைப் போட்டாள். சுவரைத் தாண்டித் தெறித்த சொட்டு ஒன்று அதன்மேல் விழுந்து மையைப் பரப்பியது. இன்னொன்று பெயருக்குக் கீழே விழுந்தது.

"நனைஞ்ச சீட்டை ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களாண்ணே?"

"நான் காயவெச்சுக் குடுக்குறேன். மூடியையும் நானே போடுறேன். நீ முன்பக்கம் போய்ப் பாரு தாயே, ஒரு தடவையாவது."

அவள் செருப்பைக் கழற்றிக் குழியோரம் விட்டாள். குனிந்து கடைசியாக ஒரு முறை உள்ளே பார்த்தாள். சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது சுவருக்கு மேலே ஒரு மஞ்சள் தலை தெரிந்தது. பொடியன் ஒருவழியாகக் கழற்றிவிட்டிருந்தான். பீச்சியடித்த தண்ணீரின் உச்சியில் வாத்து தானாக ஏறி நின்று, தள்ளாடி, இறங்கி மறைந்து, பிள்ளைகளின் கூச்சலோடு மறுபடியும் சுவருக்கு மேலே எழும்பியது.