பச்சைத் தண்ணீர்

அந்தப் பாதுகாக்கப்பட்ட மலையில் இருந்த சுண்ணாம்புப் பாறைகளை மழை அரித்து அரித்துத் தூணாகவும் குடையாகவும் ஆக்கி வைத்திருந்தது. ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் பாறைகளைக் காவல் காத்த காவலருக்கு அந்தச் சட்டம்தான் உயிர். கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாக எடுத்த கூழாங்கல்லையே திரும்பப் போட வைத்த மகானுபாவர் அவர்.

போன மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகன் பாறைக்குழி ஒன்றில் வழுக்கி விழுந்தான். உள்ளே ஓடும் தண்ணீர் பூமிக்குள் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கயிறு கட்டி இறங்கியவர்கள், இதற்குமேல் ஆள் நுழைய இடமில்லை என்று ஏறி வந்துவிட்டார்கள். பாறையைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாமே என்று காவலர் அதிகாரியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"உங்களுக்குத் தெரியாத சட்டமா?" என்றார் அதிகாரி. அவருக்கென்ன, அவர் பிள்ளைகள் பத்திரமாக வீட்டில் இருந்தார்கள்.

கடைசியில் நிலத்தடி நீரை ஆராயும் பெண் ஒருத்தி வந்தாள். "குழியில பச்சைச் சாயம் ஊத்துவோம்யா. எந்த ஊத்துல பச்சையா வருதோ, அங்க தேடலாம்."

ஒரு எலும்பாவது கிடைத்தால் அடக்கம் செய்யலாமே என்று காவலர் தவியாய்த் தவித்தார். சாயம் ஊற்றுவதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி இன்னும் மகன் வருவான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சாயம் ஊற்றியதும் மலையடிவாரத்து ஊற்றுகளையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாமே தெளிவாகத்தான் ஓடின.

அலுத்துப்போய் ஒருநாள் மாலை வீடு திரும்பினார். மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள்.

"என்னங்க, தண்ணி பச்சையா வருது. காலையிலருந்தே இப்படித்தான். பாசியா இருக்குமோ?"

காவலர் அப்படியே சுவரில் சாய்ந்தார். ஊற்று ஊற்றாக அலைந்த புத்திசாலிகள் ஒருவருக்குக்கூட ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறு நினைவுக்கு வரவில்லை. அந்தக் கிணற்றுக் குழாய் வழியாகச் சட்டைப் பொத்தான்கூட மேலே வராது. இனி தேட இடமே இல்லை.

"ஏன் இப்படி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? சொல்லுங்க."

பொய் சொல்ல வாய் வரவில்லை. சாயம், குழி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். குழாயடியில் நிரம்பிக்கொண்டிருந்த பாத்திரத்தின் பச்சைத் தண்ணீரில் அவள் விரலை வைத்தாள்.

"அப்போ இத்தனை மாசமா அவன் வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்திருக்கானா?"

காவலர் பதறிப்போய்க் குழாயை மூடக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் வரட்டும்."