இருக்கிற லைப்ரரியைக் காணவில்லை

பார்வை போன பிறகு அஸாருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டுவது தங்கை ஷமீராதான். துபாயில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவர் அவர். சர்க்கரை கண்ணைப் பாதித்ததும் முத்துப்பேட்டைக்கே திரும்பிவிட்டார். அவருடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றையும் ஷமீரா வைத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் அதன் தமிழ் கேட்கச் சகிக்காது. பாதி வாக்கியத்தை முழுங்கிவிடும்.

தமிழ்க் குரலுக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதை இணையத்தில் பார்த்தாள். நேராக நிறுவிக்கொள்ளும்படி யாரும் தயாரித்து வைக்கவில்லை. மூல நிரலை இறக்கி, தானே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டி எடுக்க வேண்டும். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவளுக்கு இது பெரிய வேலையா என்று சனிக்கிழமை காலை உட்கார்ந்தாள்.

முதல் கட்டளையிலேயே நின்றுவிட்டது. ஒலியைக் கையாளும் ஒரு லைப்ரரியை, பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பை, காணவில்லையாம்.

"என்னம்மா சொல்லுது?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஸார் கேட்டார்.

"ஒரு லைப்ரரி இல்லையாம் காக்கா. போட்டுட்டா சரியாயிடும்." அண்ணனை அவள் காக்கா என்றுதான் அழைப்பாள்.

போடப் போனால், அது ஏற்கெனவே இருக்கிறது என்றது. திரும்பக் கம்பைல் செய்தால் இல்லை என்றது. எழுத்துப் பிழையோ என்று பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிழை இல்லை. கல்லூரித் தோழி பரிதியை அழைத்தாள். தஞ்சாவூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் பரிதி, அன்று மன்னார்குடிப் பக்கம் தங்கள் வயலில் சம்பா நடவுக்கு நின்றிருந்தாள்.

"இருக்குங்குது, இல்லைங்குது. எதைடி நம்புறது?"

"ரெண்டும் சரிதான். புரோகிராம் ஓடுறதுக்கு ஒரு பாகம், கம்பைல் பண்றதுக்கு இன்னொரு பாகம். உன்கிட்ட முதல் பாகம்தான் இருக்கு. பேருக்குப் பின்னால 'டெவ்'னு சேர்த்துப் போடு."

போட்டாள். இப்போது லைப்ரரி கிடைத்தது. ஆனால் பதிப்பு பழையதாம், புதியது வேண்டுமாம். அந்த லைப்ரரியின் மூல நிரலையும் இறக்கிக் கம்பைல் செய்து நிறுவினாள். அது ஒழுங்காக முடிந்தது. ஆவலாகக் கட்டளையைத் தட்டினால், மறுபடியும் அதே வரி: பதிப்பு பழையது.

"இப்பத்தானே புதுசு போட்டேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பரிதிக்குப் போட்டால் சிக்னல் இல்லை. இணைய மன்றம் ஒன்றில் யாரோ, பழையதை நீக்கிவிட்டால் புதியதை எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். சரியாகத்தான் பட்டது. நீக்கும் கட்டளையைத் தட்டினாள். திரையில் என்னென்னவோ பெயர்கள் ஓடி, சம்மதமா என்று கேட்டது. படிக்கப் பொறுமையின்றிச் சம்மதம் கொடுத்துவிட்டு, அடுப்பில் வைத்த சோற்றை வடிக்கப் போனாள்.

"ஷமீரா, இது பேச மாட்டேங்குதே!"

ஓடி வந்தாள். அஸாரின் விரல்கள் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தன. பழைய குரலும் அந்த லைப்ரரியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை நீக்கியபோது குரலும் சேர்ந்து போய்விட்டது. அரைகுறையாகவேனும் பேசிக்கொண்டிருந்தது இப்போது ஊமை.

"நான்தான் காக்கா. படிக்காம அழுத்திட்டேன்."

அஸார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "போனா போகுது. நீதான் படிச்சுக் காட்டுறியே" என்றார். அந்தச் சமாதானம்தான் அவளை இன்னும் கலங்க வைத்தது.

மதியத்துக்கு மேல் பரிதியே அழைத்தாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பழசை யாருடி தூக்கச் சொன்னது? முதல்ல அதையும் குரலையும் திரும்பப் போடு. ரெண்டு பதிப்பும் தனித்தனி இடத்துல இருக்கட்டும். புதுசு எங்க இருக்குன்னு கம்பைல் பண்றப்ப நீதான் சொல்லணும். அதுவா தேடாது."

பழையவற்றைத் திரும்பப் போட்டுவிட்டு, புதியது இருக்கும் இடத்தைச் சொல்லும் வரியைச் சேர்த்ததும் கம்பைல் முடிந்தது. ஷமீரா நிமிர்ந்து உட்கார்ந்து புதிய குரலை ஓடவிட்டாள். லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கட்டும்போது எங்க இருக்குன்னு சொன்னேன். ஓடும்போது திரும்பச் சொல்லணுமா?"

"ஆமா, அது வேற, இது வேற" என்று பரிதி இன்னொரு கட்டளையைச் சொன்னாள். ஷமீரா அதையும் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. சலித்துப்போய் லேப்டாப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

திரை வெளிச்சமானதும் ஒரு குரல் தெளிவாக, நிதானமாக, முழு வாக்கியமாகப் பேசியது: "வணக்கம். உங்களுக்குப் புதிய மின்னஞ்சல்கள் வந்துள்ளன."

அஸார் சட்டென்று முகத்தைத் திருப்பினார். விசைகளைத் தடவித் தடவி ஒரு மின்னஞ்சலைத் திறந்தார். துபாயில் கூட வேலை பார்த்த யூனுஸ் எழுதியது. இரண்டு வரி கேட்டதும் நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. கொஞ்சம் வெளிய இருக்கியா? நானே கேட்டுக்கிறேன்."

ஷமீரா கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நிற்பதா, உட்காருவதா, கையை எங்கே வைப்பது என்றுகூட விளங்கவில்லை. பரிதியை அழைத்தாள்.

"அணைச்சுப் போட்டேன், பேசுதுடி!"

"எதுல சரியாச்சு? நான் சொன்ன கட்டளையா, அணைச்சுப் போட்டதா?"

"தெரியல. சத்தியமாத் தெரியல."

உள்ளே அஸார் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. யூனுஸ் அப்படி என்னதான் எழுதியிருந்தாரோ. கேட்கலாமென்று கதவில் கை வைத்தவள், தட்டாமல் எடுத்துக்கொண்டாள்.