ஞாயிறன்று மட்டும் ஆறியிருந்த குழாய்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கண்ணுகளா. போன சித்திரையில் ஒரு மத்தியானம் கை கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சுரீரென்று சுட்டது. குழாய்க்காரர் வந்து பார்த்தார். "மாடித் தொட்டி வெயில்ல காயுதும்மா, வேற இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன காரணம் சரிதான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வெயில் யாரையும் நினைத்துக்கொண்டு சுடுவதில்லை. யாரோ ஒருவர், இன்னொருவருக்காக, வேண்டுமென்றே ஒரு குழாயைச் சுட வைத்திருந்தால்?

அந்தக் கேள்விக்கு ஆள் தேடிப் போனேன். வெயிலைத் துரத்துவதற்காகக் கதையை 1932-க்குத் தள்ளினேன். அப்போது ராயபுரத்து ஒண்டுக்குடித்தனங்களுக்கு மாடித் தொட்டி ஏது? தெருவிலிருந்து மண்ணுக்கடியில் வந்து முற்றத்தில் தலை நீட்டும் ஒற்றைக் குழாய்தான். அதுவும் போதாதென்று மாதத்தை ஐப்பசி ஆக்கினேன். இப்போது மழை பெய்கிறது. பெய்யட்டும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ராயபுரத்தில் எண்ணெய் ஆலைக்குப் பின்புறம் ஏழு குடித்தனங்கள் கொண்ட…" (வீட்டு வரி போட வந்தவர் எழுதியது போலிருக்கிறது.)

"பிள்ளையைப் பறிகொடுத்த பவுனம்மாளின் கண்ணீர்…" (வேண்டாம். அவளே அழுது முடித்துவிட்டாள். நான் எதற்கு மறுபடி?)

சரி, இப்படி வைத்துக்கொள்வோம்:

பவுனம்மாள் எத்திராஜோடு பேசி நாற்பது நாள் ஆகியிருந்தது.

எத்திராஜ் அவள் புருஷன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த எண்ணெய் ஆலையில் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவன். அவளுக்கு வலி எடுத்த அன்று காலையில், பக்கத்துக் குடித்தனத்து சாபிரா ஆலை வாசலுக்கு ஓடிப்போய் அவனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வரவில்லை. மத்தியானச் சங்கு ஊதி, சின்னப்பையன் என்கிற மாற்றாள் வந்து நின்ற பிறகுதான் ஓடி வந்தான். அதற்குள் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டிருந்தது.

பாய்லரைத் தனியாக விட்டுவிட்டு வரக்கூடாது.* அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் திட்ட முடியவில்லை. திட்ட முடியாததால் பேச முடியவில்லை. தினமும் சோற்றுத் தூக்கை நிலைப்படியில் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு போனான்.

* ஆவி ஏற ஏற ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறி வெடித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள ஏழு குடித்தனமும் போய்விடும், பவுனம்மாளும் சேர்ந்து. இதை எத்திராஜ் அவளிடம் சொல்வதாக மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அவன் வாயைத் திறக்கவில்லை.

3

அந்த நாற்பது நாளின் தொடக்கத்துக்குப் போவோம். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் வேண்டும். குடிக்க ஆளில்லாமல் கட்டிக்கொண்ட பாலுக்கு ஒத்தடம் வேண்டும். மழையில் சவுக்கு விறகு ஊறிக் கிடந்தது. "ஊதி ஊதி என் கண்ணுதான் எரியுது, அடுப்பு எரியல" என்று சாபிரா அலுத்துக்கொண்டது எத்திராஜுக்குக் கேட்டதா என்றால்… (கேட்டது. உங்களிடம் மறைப்பானேன்?)

மறுநாள் முற்றத்துக் குழாய் சுட்டது.

"யக்கா! கொழாக்கு ஜொரம் வந்துகீதுக்கா!" என்று சாபிரா கத்தினாள்.

"கஷாயம் வெச்சுக் குடுடி" என்றாள் பவுனம்மாள். பிள்ளை போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. சாபிரா சிரித்துக்கொண்டே செம்பு செம்பாக அவள் இடுப்பில் ஊற்றினாள். பவுனம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

(எத்திராஜுக்குக் குழாய் வரும் வழி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாய்லர் வேலைக்குப் போகுமுன் அவன் மண் வெட்டினவன். அந்தக் குழாயைப் புதைத்தபோது பள்ளம் தோண்டியவர்களில் அவனும் ஒருவன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.)

4

வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிக் குழாய் மேஸ்திரி ஸ்டானிஸ்லாஸ் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்தார்.

"எப்பெப்ப சுடுது?"

"அது இஸ்டத்துக்கு மேஸ்திரி" என்றாள் சாபிரா. "ஒரு வாரம் காலைல. அடுத்த வாரம் மத்தியானத்துக்கு மேல. ஞாயித்துக்கெழம ஜில்லுனு கீது. தொர கணக்கா லீவு எடுத்துக்குது."

முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த பவுனம்மாளின் கை நின்றது. போன வாரம் எத்திராஜுக்குக் காலை வேலை. இந்த வாரம் மத்தியானத்துக்கு மேல். அவள் எந்த நேரத்துக்குச் சோற்றுத் தூக்கை வைத்தாளோ, அந்த நேரத்துக்குப் பின்னாலேயே குழாய் சுட்டிருக்கிறது.

(இங்கே "அவள் உடல் சிலிர்த்தது" என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் கல் பொறுக்கினாள். பொறுக்கிய கல்லை மறுபடி அரிசியிலேயே போட்டாள்.)

ஸ்டானிஸ்லாஸ் தெருக்குழாயைத் திறந்து பார்த்தார், குளிர்ந்திருந்தது. குழாய் புதைந்த தடத்தைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே முற்றத்திலிருந்து பின்சுவர் வரை போனார். அங்கே வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மழையில் சுற்றிப்போய், சுவருக்கு அந்தப் பக்கம் ஆலைக் கழிவு ஓடும் கால்வாயின் மேல் பலகைக் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினார்.

"பாய்லர்லேர்ந்து கழிச்சு வுடற வெந்நி. நம்ம பைப்பு அந்தக் கால்வா உள்ளதான் படுத்துகினு கீது. வெந்நி அந்தாண்ட பெரிய கால்வாக்குப் போவணும். இந்தப் பக்கம் வரணும்னா உள்ள ஒர்த்தன் கையால திருப்பி வுடணும். தானா வராது."

"வந்தா நல்லதுதான மேஸ்திரி? வெறகு மிச்சம்."

"இன்னா நல்லது? பைப்பு மூட்டுல கீறது சணலும் ஈயமும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒருநாள் வாயத் தொறக்கும். அப்பால கால்வாக் கலீஜு பூரா ஒங்க கொடத்துல. ஏழு வூட்டுக்கும் பேதி வந்தா யாரு பதிலு? திங்கக்கெழம மில்லு இஞ்சினீருகிட்ட சொல்லிடுவேன். திருப்புனவன் வேல காலி."

பவுனம்மாள் முறத்திலிருந்து நிமிராமல் கேட்டாள்: "அதுக்குள்ள தானா நின்னுபூட்டா?"

அவர் துண்டால் கையைத் துடைத்தார். தேவைக்குமேல் நேரம் எடுத்துத் துடைத்தார்.

"நின்னுபூட்டா நான் இன்னாத்த சொல்றது, தங்கச்சி? ஜில்லுனு வர்ற கொழாக்கு மேஸ்திரி எதுக்கு?"

(ஸ்டானிஸ்லாஸ்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவரா? கறாராக மாற்றி எழுதிப் பார்த்தேன். "இன்னிக்கே சொல்றேன்" என்றார். அப்படியானால் நடுவில் ஞாயிற்றுக்கிழமை இல்லை. எனக்கு அந்த ஒருநாள் வேண்டும். ஆகவே நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

ஞாயிறு. ஆலை ஓடவில்லை. மழை விட்டிருந்தது. எத்திராஜ் வாசற்படியில் உட்கார்ந்து, கரி தள்ளும்போது கையில் சுற்றிக்கொள்ளும் சாக்குத்துணியைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு அவன் முறை. போனதும் வெந்நீரை இந்தப் பக்கம் திருப்பிவிடுவான்.

இன்றைக்கு அவள் சொல்லியாக வேண்டும். இங்கேதான், கண்ணுகளா, நான் பத்து நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னிடம் இருப்பவை இவை:

அ) "இனிமே வெந்நி வுடாதய்யா." வேலை தப்பும். ஏழு வீட்டுத் தண்ணீரும் தப்பும். ஆனால் நாற்பது நாள் கழித்து அவள் பேசும் முதல் வார்த்தை "வுடாத" என்றால் அவன் என்னவென்று எடுத்துக்கொள்வான்? "சரி" என்பான். தலையைக் குனிந்துகொள்வான். அப்புறம் இன்னொரு நாற்பது நாள்.

ஆ) சாபிராவை விட்டுச் சொல்லச் சொல்வது. சாபிரா தயார். நான்தான் தயாரில்லை.

இ) "அது ஒன்னாட்டமே இருந்திச்சுய்யா, மூக்கு." (இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இதுதான் சரி என்றும் தோன்றுகிறது. ஆனால் இதைச் சொன்னபின் இருவரில் யாருக்குக் குழாய் ஞாபகம் வரும்? விடிந்தால் ஆறு மணி.)

ஈ) அவள் ஒன்றும் சொல்லாமல்… (இல்லை. இதற்கு நான் விடமாட்டேன்.)

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று அவன் காதில் விழக்கூடாது. அப்படி ஒரு வாக்கியத்தை நான் பதினேழு விதமாக எழுதிவிட்டேன். எல்லாம் எழுத்தாகத்தான் இருக்கின்றன, ஒன்றுகூடப் பேச்சாக இல்லை.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். நான் வரச் சொல்லவில்லை. வாசற்படியில், அவனுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துவிட்டாள். அவன் ஊசி பாதித் தையலில் நின்றது.

உங்களில் யாராவது, எப்போதாவது, கோபித்துக்கொண்ட ஒருவரிடம் முதலில் பேசியிருப்பீர்கள். அந்தக் குரலைக் கொஞ்சம் இவளுக்குக் கொடுங்கள். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ரொம்ப யோசிக்காதீர்கள்.

அவன் நிமிர்ந்துவிட்டான்.