ட்ராப்புக்குப் போட்ட சட்டைக்கை

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். இந்தச் சலவைக்கூடத்துல எல்லாருக்கும் அது தெரியும். என்னைக் கட்டிக்கிட்ட மனுஷனுக்கு இன்னும் நல்லாத் தெரியும். பதினெட்டு வருஷமா அதைத் தாங்கிக்கிட்டு, பக்கத்துக் கூடத்துல பெரிய இஸ்திரி மெஷினை ஓட்டிக்கிட்டிருக்கார். நான் பாய்லர் ரூம். பதினோரு வருஷம் பெட்ஷீட் மடிச்சுட்டு, பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கி, தனியாப் பொறுப்பெடுத்து அன்னிக்கு இருபத்திரெண்டாவது நாள்.

காலையில எட்டரைக்கு அவர் வந்து பாய்லர் ரூம் வாசல்ல நின்னார்.

"எஞ்சினியரம்மா, பெட்ஷீட் ஈரமா வருது."

"நீங்க ஒழுங்காப் பிழியாம விட்டிருப்பீங்க."

"இங்க பிழியறது மெஷின். வீட்டுல பிழியறது நீ. நான் எங்க பிழிஞ்சேன்?"

நான் பதில் சொல்றதுக்குள்ள பின்னாடியே மேனேஜர் வந்துட்டார். "பதினொண்ணுக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும். ஈரமா ஒண்ணு போனாலும் சரி, மதியமே பழைய ஆபரேட்டரைக் கூப்பிட்டுடுவேன். நீங்க மறுபடி மடிக்கிற மேஜைக்குப் போயிடலாம்." சொல்லிட்டுப் போயிட்டார். கோபக்காரிக்கும் பயம் வரும்.

பிரஷர் முள்ளைப் பாத்தேன். நிக்க வேண்டிய இடத்துல நின்னுது. அப்போ பாய்லர் மேல குத்தமில்ல, ட்ராப்தான் எங்கயோ மக்கர் பண்ணுது. நீராவி தன் சூட்டைக் கொடுத்து முடிச்சதும் தண்ணியாயிடும். அந்தத் தண்ணியை வெளிய அனுப்பணும், நீராவியை விடக்கூடாது. அதுக்குத்தான் மெஷினுக்கு மெஷின் அடியில ஒரு ஸ்டீம் ட்ராப். வாசல்ல உக்காந்திருக்கிற வாட்ச்மேன் வேலை. அவன் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினா நீராவி வீணாப் போகும். பூட்டிட்டுத் தூங்கினா தண்ணி உள்ளயே தேங்கி மெஷின் ஆறிப்போகும்.

தண்ணி திரும்பி வர்ற தொட்டியைப் போய்ப் பாத்தேன். எப்பவும் போல லேசாத்தான் ஆவி வந்துக்கிட்டிருந்தது. அப்போ திறந்து போட்டு யாரும் தூங்கலை. எவனோ பூட்டிட்டான்.

நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டேன். முனையை ட்ராப் மேல வெச்சு, பிடியைக் காதுல அழுத்தினா உள்ள நடக்கிறது அத்தனையும் கேக்கும். மெயின் குழாய்க்கு அடியில இருக்கிறது பக்கெட் ட்ராப். உள்ள கவுத்து வெச்ச வாளி ஒண்ணு ஏறி இறங்கும். அங்க தண்ணி தேங்கினா எல்லா மெஷினுக்கும் நனைஞ்ச நீராவிதான் போகும். கேட்டேன். விட்டு விட்டுத் தள்ளிக்கிட்டிருந்தது, தங்கம். துணி உலர்த்துற டிரம்முக்கு ஃப்ளோட் ட்ராப், மிதவை வெச்சது. அது எங்க நாத்தனார் ஜாதி, நிறுத்தாம சளசளன்னு பேசும். அதுவும் பேசிக்கிட்டுதான் இருந்தது. இஸ்திரி மெஷினுக்குப் போற குழாயை அடைச்சு, வடிகட்டியைக் கழட்டிப் பாத்தேன். ஒரு தூசி இல்ல. திரும்ப மாட்டி நீராவியைத் திறந்துவிட்டேன். மணி பத்து.

மிச்சம் இருந்தது இஸ்திரி மெஷின் முதுகுக்குப் பின்னால இருக்கிற டிஸ்க் ட்ராப். நியாயமாப் பாத்தா அதைத்தான் முதல்ல பாத்திருக்கணும். ஏன் பாக்கலை? போன வாரம் அதைப் புதுசா மாட்டினது நான். மாட்டிட்டு நீராவியைத் திறந்து சரிபாக்கும்போது முழங்கை அதுமேல பட்டுச் சுட்டு, தோல் உரிஞ்சு, இன்னும் கட்டு அவிழ்க்கலை. தோலைக் கொடுத்து மாட்டினதுல குறை வருமாங்கற திமிர்.

நேரா அவர்கிட்டப் போய் எரிஞ்சு விழுந்தேன். "மெஷினை வேகமா ஓட்டறீங்களா?"

"பாதி வேகத்துலதான் ஓட்டறேன். நீ முதல்ல ஒரு வாய் தண்ணி குடி."

"தண்ணியாலதான் இன்னிக்குப் பிரச்சனையே!"

"சரி சரி. பின்னாடி இருக்கிறதைப் பாத்தியா? தைரியமாக் கையை விடு, இனிமே சுடாது." சொல்லிட்டு, ஒளிச்சு வெச்ச மிட்டாயைக் காட்டப் போற பிள்ளை மாதிரி சிரிச்சார்.

"ஏன் சுடாது?"

பதிலுக்குக் காத்திருக்கலை. மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சு டார்ச் அடிச்சேன். என் டிஸ்க் ட்ராப் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது. அவரோட பழைய நீலச் சட்டையில ஒரு முழுக்கை. உள்ள கெட்டிக் கம்பளித் துணி வெச்சு, பொடிப்பொடியாத் தையல் போட்டு, மணிக்கட்டுப் பட்டனை ட்ராப்போட தலைக்கு மேல இழுத்து மாட்டியிருந்தார்.

அந்தத் தலைக்குள்ள சின்னத் தட்டு ஒண்ணு இருக்கு. தட்டுக்கு மேல மாட்டிக்கிட்ட ஆவி ஆறினாத்தான் தட்டு எழும்பித் தண்ணிக்கு வழி விடும். அதுக்குத் தலையில காத்துப் படணும். கம்பளியைப் போத்திவிட்டா அது எப்போ ஆறி, எப்போ எழும்பும்? கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கேன்.

"எப்போ மாட்டினீங்க?"

"இன்னிக்குக் காலையில, மெஷின் ஆறியிருக்கும்போது. ஞாயித்துக்கிழமை நீ தூங்கினப்போ தைச்சேன். உன் கை படற இடமாச்சேன்னு..." என் முகத்தைப் பாத்தார். குரல் இறங்கிப் போச்சு. "தப்புப் பண்ணிட்டேனா?"

வாய் வரைக்கும் வந்த வசவு அங்கயே நின்னுடுச்சு. இந்த மனுஷனுக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணாடி வேணும். நான் பட்டனைக் கழட்டி, அதை உருவி எடுத்தேன். ரெண்டு பேரும் அப்படியே குந்திக்கிட்டிருந்தோம். கொஞ்ச நேரத்துல டக்னு ஒரு சத்தம். குழாய்ல தண்ணி பாய்ஞ்சு ஓடுச்சு. மூடிக்குச்சு. மறுபடி டக். ஸ்க்ரூடிரைவர் பிடியை அவர் காதுல வெச்சேன்.

"பேசுது," ன்னார்.

"உங்களைத்தான் திட்டுது," ன்னேன்.

ஈரமா வந்ததையெல்லாம் திரும்ப மெஷின்ல விட்டோம். மொறுமொறுன்னு வந்து விழுந்தது. வண்டிக்காரர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கடைசிக் கட்டும் ஏறிடுச்சு. மேனேஜர் பதிவேட்டோட வந்தார். "என்ன காரணம், யாரால, எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"சார், அது நான்தான்..." ன்னு ஆரம்பிச்சார் என் வீட்டுக்காரர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," ன்னு சொல்லிட்டுப் பேனாவை வாங்கினேன். "டிஸ்க் ட்ராப்பின் தலை துணியால் மூடியிருந்தது. மூடக்கூடாது என்று மெஷின் ஓட்டுபவரிடம் நான் சொல்லி வைக்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தேன்." பொய் ஒரு வார்த்தை இல்ல. கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் ரெண்டு தடவை படிச்சார். என் கைக்கட்டைப் பாத்தார், மேஜை மேல கிடந்த நீலச் சட்டைக்கையைப் பாத்தார். "நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் பாய்லர் பத்த வெச்சிருக்கணும், லேட் பண்ணாதீங்க," ன்னு சொல்லிட்டுப் பதிவேட்டை மூடிக்கிட்டுப் போயிட்டார்.

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, அந்தச் சட்டைக்கையைக் குப்பைக்கூடையில போடப் போனார். வெடுக்குன்னு பிடுங்கினேன். கட்டுப் போட்ட கையை உள்ள விட்டேன். முழங்கைக்கு மேல வரைக்கும் கச்சிதமா ஏறுச்சு. இளஞ்சூடா இருந்தது. மணிக்கட்டுப் பட்டனைப் போட்டு விடச் சொல்லி நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போட்டு விட்டார்.

"ட்ராப்புக்கு அளவெடுத்துத் தைச்சதுடி," ன்னார்.

"எனக்காகத் தைச்சதுதானே? போட்ட இடம்தான் தப்பு." குரலை உசத்தினேன். "அந்தச் சட்டையில இன்னொரு கை இருக்குமே, அது எங்க?"

"வீட்டுல இருக்கு."

"அதையும் தைச்சிடுங்க."