மூன்று சொல்

முதல் அடி பிச்சையா அடித்தது. முந்தின ஷிஃப்டில் பிரஸ் ஓட்டிய முப்பிடாதியின் உதடு கிழிந்தது. ஒரகடம் கம்பெனியில் தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ் மனைவி பூமாரியை நசுக்கிக் கொன்றபோதும் பிச்சையா அழவில்லை. இப்போது கை வலிப்பதும் தெரியவில்லை.

மீதி அடியைப் பூமாரியின் தம்பி இசக்கிமுத்து எடுத்துக்கொண்டான். அவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது.

"மிஷின் கெட்டத சொல்லாம, ஷிஃப்ட் முடிஞ்சதும் பென்னலூர் ரூமுக்குப் போய் படுத்துட்ட, என்னல?" என்று மிதித்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

"முழுசா டைப் அடிச்சிட்டுத்தாண்ணே போனேன்" என்றான் முப்பிடாதி, பிச்சையாவின் காலைப் பிடித்து.

"அந்தா தெரியுதுல்லா, நீ அடிச்ச லட்சணம்!"

நிறுத்தி வைத்திருந்த பிரஸ்ஸுக்கு மேலே, அடுத்த ஷிஃப்டுக்குக் குறிப்பு காட்டும் டிவியில் முப்பிடாதி விட்டுப்போனது இன்னும் ஓடியது: பிரஸ் நல்லா ஓடுது. அதைப் படித்துவிட்டுத்தான் பூமாரி கையை உள்ளே விட்டாள்.

பிச்சையா திரையையே பார்த்தான். அந்தத் திரைப் பக்கத்தைச் செய்தவன் அவன்தான். நீளமான குறிப்பை இருபது சொல்லோடு வெட்டிக் காட்டும்படி பக்கத்தின் அமைப்பான டெம்ப்ளேட்டில் எழுதியிருந்தான்.

"நிறுத்து இசக்கி."

லைன் ஓரத்துக் கம்ப்யூட்டரில் டெம்ப்ளேட்டைத் திறந்தான். இருபது இருந்த இடத்தில் மூன்று இருந்தது. மீதி இருக்கிறது என்று காட்ட, வெட்டிய இடத்தில் வரவேண்டிய புள்ளிகளும் இல்லை. மாற்றியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது: ரகுபதி, உற்பத்தி மேலாளர்.

ரகுபதி அதற்குள் அவன் முதுகுப்பக்கம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"விசிட்டர் வந்தாங்கபா. எழுத்து பெருசா, நீட்டா இருக்கட்டும்னு பண்ணேன். பழையபடி இருபதாக்கிடு. அவன் அடிச்சதையும் தூக்கிடு. போனவ இன்னா திரும்பியா வரப்போறா?"

வெட்டு திரைக்கு மட்டும்தான். அடித்த வாக்கியம் உள்ளே முழுதாகக் கிடந்தது. பிச்சையா வெட்டும் கட்டளையையே அழித்துவிட்டுச் சேமித்தான்.

பிரஸ் நல்லா ஓடுது ஆனா சென்சார் வேலை செய்யல உள்ளே கை விடாதீங்க.

எழுத்து பெட்டிக்குள் அடங்காமல் உற்பத்திக் கணக்கின்மேல் வழிந்தது. ஷிஃப்ட் மாற வந்தவர்கள் அண்ணாந்து படித்தார்கள்.

"யாரு வெட்டுனது அத்தான்?" என்றான் இசக்கிமுத்து.

பிச்சையா ரகுபதியைப் பார்த்தான். அவ்வளவுதான்.

கம்பி முதலில் ரகுபதியின் முழங்காலில் இறங்கியது. அவர் விழுந்ததும் வாயில். பிறகு யார் யாரோ மிதித்தார்கள்.

"போதும்ணே... செத்துருவாருண்ணே..." விலாவைப் பிடித்தபடி முப்பிடாதி கெஞ்சினான்.

பிச்சையா அவனைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, கிழிந்த உதட்டைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். பின்னால் கம்பிச் சத்தம் ஓயவில்லை. அவன் திரும்பவில்லை.